குழந்தைகளின் மொல்லஸ்கம் பருக்கள்: தானாக மறையக் காத்திருப்பதா, எடுத்துவிடுவதா?

இளந்தளிர்:

வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. நான்கு மாதங்களுக்கு முன்பு அவளுடைய வலது அக்குளின் ஓரத்தில் ஒரு சிறு பருவைப் பார்த்தேன். வேர்க்குரு என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது விலாவிலும் மேற்கையின் உட்புறத்திலுமாக 23 பருக்கள் இருக்கின்றன. விளக்கருகே நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் முத்தைப் போலப் பளபளக்கிறது; நடுவில் ஊசிமுனையால் அழுத்தியது போன்ற ஒரு குழி தெரிகிறது. தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்திலேயே ‘மொல்லஸ்கம் கண்டேஜியோசம்’ என்றார். வைரஸால் வருவது, ஆபத்தில்லை, தானாகப் போய்விடும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எவ்வளவு காலத்தில் போகும் என்று கேட்டதற்கு, ஓராண்டு ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்பதுதான் பதில்.

அவள் கையில்லாத சட்டைகளைப் போட மறுக்கத் தொடங்கியிருக்கிறாள். இந்த நிலையில் சும்மா இருப்பதை ஒரு சிகிச்சை என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. எடுத்துவிட்டவர்களும் காத்திருந்தவர்களும் தங்கள் அனுபவத்தைக் காரணங்களோடு எழுத வேண்டுகிறேன்.

கார்முகில்:

உங்கள் மருத்துவர் சொன்னது சரி என்பதே என் கருத்து. அது சரி என்று எனக்குத் தெரியவந்த விதம்தான் வருத்தத்துக்குரியது.

என் மகனுக்கு நான்கு வயதில் இது வந்தது. காத்திருக்க மனமில்லாமல், சுரண்டி எடுக்கும்படி நாங்களே மருத்துவரை வற்புறுத்தினோம். மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே ஒரு படலத்தை ஒட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நுனியில் சிறு வளையம் உள்ள கருவியால் பருவை வழித்தெடுத்தபோது உள்ளிருந்து வெள்ளை உருண்டை ஒன்று வந்தது. அந்த இடத்தில் இரத்தம் துளிர்த்தது. முதல் ஐந்தாறு வரை அவன் அசையாமல்தான் இருந்தான். இரத்தத்தைப் பார்த்ததும் அலறத் தொடங்கினான். மீதியை எடுப்பதற்காக நான் தோள்களையும் என் மனைவி கால்களையும் பிடித்துக்கொண்டோம். வலி அதிகம் இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார், இருக்கலாம். ஆனால் அவன் மனத்தில் நின்றுவிட்டது வலியன்று, அம்மாவும் அப்பாவும் சேர்ந்து தன்னை அழுத்திப் பிடித்ததுதான். அதன்பின் ஓராண்டு வரை, தொண்டைவலிக்காக மருத்துவரிடம் அழைத்துச் சென்றால்கூட வாசலிலேயே நின்று அழுதான்.

இவ்வளவும் செய்து மூன்றே வாரத்தில் ஒன்பது புதிய பருக்கள் வந்தன. இது யாருடைய தவறும் அன்று. வைரஸ் தோலுக்குள் நுழைந்ததிலிருந்து பரு வெளியே தெரிய பெரும்பாலும் 2 முதல் 7 வாரங்கள் ஆகும். சில வேளை அதற்கும் மேல் ஆகும். நாம் சுரண்டும் நாளில், கண்ணுக்குத் தெரியாதவை ஏற்கெனவே தோலில் ஊன்றியிருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மீளாய்வு 22 ஆய்வுகளை எடுத்து அலசிவிட்டு, எந்த ஒரு சிகிச்சையும் உறுதியாகப் பயன் தருகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தது. தானாகப் போகும் ஒன்றுக்காகக் குழந்தையின் நம்பிக்கையைப் பணயம் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆழ்கடல்:

கார்முகில் அவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்வது ஒரு சிகிச்சை தவறாகச் செய்யப்பட்ட கதை; காத்திருப்பது நல்லது என்பதற்கு அது சான்றாகாது. காத்திருந்ததன் கதையை நான் சொல்கிறேன்.

என் மூத்த மகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே எக்சிமா எனும் கரப்பான் உண்டு. முழங்காலின் பின்மடிப்பில் நான்கு பருக்கள் வந்தபோது எங்களுக்கும் ‘தானாகப் போய்விடும்’ என்றே சொல்லப்பட்டது. பருக்களைச் சுற்றிக் கரப்பான் கிளம்பியது. அவள் தூக்கத்தில் சொறிந்தாள். சொறிந்த நகம் போன வழியெல்லாம் கோடு பிடித்தாற்போல் புதிய பருக்கள் முளைத்தன. இரண்டு முறை சீழ் பிடித்தது. ஏழாவது மாதத்தில் அவளோடு ஒரே துண்டில் துடைத்துக்கொண்டிருந்த தம்பிக்கும் வந்தது. முழுதாக மறைய 26 மாதங்கள் ஆயின. சுரண்டினால் தழும்பு விழும் என்று பயமுறுத்தினார்களே, ஒரு கருவியும் படாத அவள் காலில் இன்று ஏழு சிறு பள்ளங்கள் இருக்கின்றன.

எங்கள் குடும்பம் மட்டும் விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் 4 முதல் 15 வயது வரையிலான 306 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. அதில் பருக்கள் மறையச் சராசரியாக 13.3 மாதங்கள் ஆயின. 18 மாதங்கள் கழித்தும் 30 சதவீதக் குழந்தைகளுக்கு மறையவில்லை; 24 மாதங்கள் கழித்தும் 13 சதவீதத்தினருக்கு மறையவில்லை. வீட்டில் வேறு குழந்தைகள் இருந்தவர்களில் 41 சதவீதத்தினரிடமிருந்து அக்குழந்தைகளுக்கும் பரவியது. ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தையின் அன்றாட வாழ்க்கையை இந்நோய் மிகக் கடுமையாகப் பாதித்திருந்தது. ‘தானாகப் போகும்’ என்ற இரண்டு சொற்களுக்குள் இத்தனையும் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் காத்திருக்கச் சொல்வது பெற்றோருக்குச் செய்யும் நேர்மையன்று.

வெண்தாமரை:

நான் குழந்தைகளின் தோல் நோய்களைப் பார்க்கும் மருத்துவர். இருவரும் சொன்ன எண்கள் சரியானவை. இருவரும் விட்டுவிட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

இது பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ். தோலின் மேலடுக்கிலேயே வாழ்கிறது. இரத்தத்தில் கலந்து உள்ளுறுப்புகளுக்குப் போவதில்லை. அக்கியைப் போல நரம்பில் ஒளிந்திருந்து பிற்காலத்தில் தலைதூக்குவதும் இல்லை. இவ்வளவு காலம் அது நிலைப்பதற்குக் காரணம், நோய் எதிர்ப்பு ஆற்றலின் கண்ணில் படாமலிருக்கும் திறமைதான். தான் புகுந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளாதபடியும், அழற்சிக்கான அழைப்பு வெளியே போகாதபடியும் தடுக்கும் புரதங்களை அது சுரக்கிறது. ஆகையால் உடல் ஒரு நாள் அதைக் கண்டுகொள்ளும் வரை பரு அமைதியாக இருக்கும். அந்த நாள் எப்போது வரும் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

சிகிச்சை என்றதும் சுரண்டுவதையும் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதையும் மட்டுமே நினைக்கிறோம். இரண்டும் வலிப்பவை, சிறு குழந்தைக்கு, அதுவும் இருபதுக்கு மேல் பருக்கள் இருக்கும்போது, நான் அவற்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. மரத்துப்போகும் களிம்பும் கணக்கின்றித் தடவக்கூடியதன்று: குழந்தையின் வயதையும் எடையையும் பார்த்து, எவ்வளவு பரப்பில் எவ்வளவு நேரம் என்று வரம்பு உண்டு, மீறினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனே குறையலாம்.

கார்முகில் காட்டிய மீளாய்வுக்குப் பிறகு இரண்டு மருந்துகளின் பெரிய சோதனைகள் முடிந்துள்ளன. ஒன்று கேந்தரிடின். ஒருவகை வண்டிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. பருவின் மேல் வைத்தால் தோலில் கொப்புளம் எழும். அது உதிரும்போது பருவும் உடன் போகும். வைக்கும்போது வலி இல்லை என்பதால் யாரும் குழந்தையைப் பிடித்து அழுத்த வேண்டியதில்லை. இரண்டு சோதனைகளில், 84ஆம் நாளில் எல்லாப் பருக்களும் மறைந்தவர்கள் 46 மற்றும் 54 சதவீதம். மருந்தற்ற கரைசல் பூசப்பட்டவர்களில் 18 மற்றும் 13 சதவீதம். அமெரிக்காவில் 2023 ஜூலையில் 2 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இதன் 0.7 சதவீதக் கரைசல் அனுமதி பெற்றது. மற்றொன்று, வீட்டிலேயே நாள்தோறும் தடவும் பெர்டசைமர் ஜெல். 2024 ஜனவரியில் அனுமதி பெற்றது. 12 வாரங்களில் 32.4 சதவீதத்தினருக்கு முழுமையாக மறைந்தது. மருந்தற்ற ஜெல் தடவியவர்களில் 19.7 சதவீதம்.

இமிக்விமோட் களிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை இன்றும் எழுதித் தருகிறார்கள். 702 குழந்தைகளிடம் நடந்த இரண்டு சோதனைகளில் அது வெறும் களிம்பைவிட மேலாக வேலை செய்யவில்லை. மருந்தின் அதிகாரபூர்வத் தகவல் தாளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. பயனில்லாத ஒன்றைத் தடவித் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

கார்முகில்:

மருத்துவரின் விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் எண்களை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நான்கு முறை வரை மருந்து வைத்த பிறகும், ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு முழுதாக மறையவில்லை. வைக்கும்போது வலி இல்லை என்கிறீர்கள். அன்றிரவு அக்குளில் கொப்புளம் எழும்பும்போது வலிக்காதா? 23 பருக்கள் என்றால் 23 கொப்புளங்கள்! இளந்தளிர் இருக்கும் இடத்தில் அந்த மருந்து கிடைக்குமா என்பதும் தெரியாது. கிடைக்காத இடங்களில், ஏதேனும் ஒரு அமிலத்தை வாங்கி வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று பெற்றோர் இறங்கிவிடுவார்களோ என்பதே என் அச்சம்.

வெண்தாமரை:

வலிக்கும், மறைக்கவில்லை. கொப்புளம், எரிச்சல், சிவப்பு, சில காலம் நிற்கும் நிறமாற்றம் எல்லாம் மிகச் சாதாரணமாக வரும். அதனால்தான் முதல் முறை சில பருக்களில் மட்டும் வைத்து, தோல் எப்படி எதிர்கொள்கிறது என்று பார்த்த பின் மேலே போகிறேன். கண்ணருகிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் வைப்பதில்லை. இதை மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர்தான் வைக்க வேண்டும். கழுவும் நேரத்தையும் அவரே சொல்ல வேண்டும். வீட்டில் அமிலம், ஊசி, நகவெட்டி எதுவும் கூடவே கூடாது என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

பாதிக் குழந்தைகளுக்கு மறையவில்லை என்பது உண்மை. ஆனால் முழுதாக மறைந்தவர்களை மட்டுமே அந்த எண் கணக்கில் கொள்கிறது. இருபது இரண்டாகக் குறைந்த குழந்தை, அதில் தோற்றவர்கள் பக்கம்தான் நிற்கும்.

ஆழ்கடல்:

ஐந்து வயதுக் குழந்தைக்கு 13 மாதங்கள் என்பது அதன் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. நாற்பது வயதான நமக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகத் தெரியும் காலம் அதற்கு அப்படித் தெரியாது.

இளந்தளிர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள். நேற்றிலிருந்து விலாவில் உள்ள மூன்று பருக்கள் சிவந்து வீங்கியிருக்கின்றன. சீழ் பிடித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அடுத்து, குழந்தைகள் காப்பகம் ஒன்றில், முழுதாகக் குணமாகும் வரை அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். இது முறைதானா?

வெண்தாமரை:

படத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் காய்ச்சல் இல்லாமல், குழந்தை வழக்கம்போல் விளையாடிக்கொண்டு, சிவப்பு பருவை மட்டும் ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் நற்செய்தியே. உடல் வைரஸைக் கண்டுகொண்டுவிட்டது. பரு மறைவதற்கு முன்பு இப்படிச் சிவந்து வீங்குவது வழக்கம். இதைத் தொற்று என்று நினைத்துத் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. மாறாக, சிவப்பு நாளுக்கு நாள் பரந்தாலோ, தொட்டால் சூடாக இருந்து கடுமையாக வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றே காட்டுங்கள். இமையின் மேல் பரு வந்து கண் சிவந்தாலும், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்த குழந்தையாக இருந்தாலும் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை.

காப்பகத்துக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டியதில்லை. ஓராண்டுக்கு மேல் நீடிக்கக்கூடிய ஒன்றுக்காகக் குழந்தையை ஓராண்டு வீட்டில் அடைப்பது நியாயமே அன்று. பருக்களை உடையாலோ கட்டாலோ மூடி அனுப்பலாம். நீந்தும்போது நீர் புகாத கட்டு, தனித் துண்டு, இவை போதும். அவளுக்குக் கரப்பான் இருந்தால் அதற்கான களிம்பை நிறுத்திவிடாதீர்கள். சொறிவது குறைந்தால் பரவுவதும் குறையும். ஆழ்கடல் அவர்களின் மகளுக்கு முதலில் செய்திருக்க வேண்டியது இதுதான் என்று எண்ணுகிறேன்.

ஆழ்கடல்:

உண்மை. எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. ஸ்டீராய்டு பட்டால் வைரஸ் பெருகும் என்று பயந்து, கரப்பானுக்கான களிம்பை நாங்களாகவே நிறுத்தியிருந்தோம்.

கார்முகில்:

இளந்தளிர், ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையில்லாத சட்டையை அவள் மறுப்பது பருக்களாலா, அல்லது பருக்களைப் பார்த்து நம் முகம் மாறுவதாலா? என் வீட்டில் அது எங்கள் முகம்தான். இதை அறிய எனக்கு நெடுநாள் ஆயிற்று.

இளந்தளிர்:

அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள்கள் தூங்கவிடவில்லை. இன்று காலை குளித்து முடித்ததும், எந்தப் பரு உனக்குத் தொந்தரவு தருகிறது என்று அவளிடமே கேட்டேன். பொறுமையாகத் தடவிப் பார்த்துவிட்டு, அக்குளில் சட்டை உரசும் நான்கை மட்டும் காட்டினாள். மற்றவற்றைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. அவற்றை நான் எண்ணுவதுதான் பிடிக்கவில்லையாம்.

அந்த நான்கைப் பற்றி மட்டும் கேட்க மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வலிக்காமல் செய்ய வழி உண்டா என்று முதலில் கேட்பேன். அவள் வேண்டாம் என்றால் திரும்பிவிடுவோம். விலாவில் சிவந்திருந்த மூன்றில் ஒன்று வற்றி, மேலே பொருக்குத் தட்டியிருக்கிறது. இனி தினமும் எண்ணப் போவதில்லை. மாதத்துக்கு ஒரு முறை மட்டும் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வேன்.