புதுப்பிப்பு: சூடான கீமோ இல்லாவிட்டால் பயனில்லையா?

பெருங்குடல் புற்றுநோய் வயிற்றின் உள்சவ்வுக்குப் பரவும்போது, கட்டிகளை வெட்டி எடுத்துவிட்டுச் சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள் சுற்றவிடும் 'ஹைபெக்' முறையைப் பற்றி முன்பு எழுதியிருந்தோம். அது இல்லாமல் அறுவை வீணா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

வீணில்லை. பலனில் பெரும்பங்கு கத்திக்குத்தான். பிரான்சில் 265 பேரிடம் நடந்த பிராடிஜ் 7 ஆய்வில் (வெளியானது 2021) ஒரு பிரிவினருக்கு அறுவையோடு 43 டிகிரியில் 30 நிமிடம் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஹைபெக்காகக் கொடுத்தார்கள். அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 41.7 மாதம், அறுவை மட்டும் செய்தவர்களுக்கு 41.2. அறுவைக்குப் பிந்தைய 31 முதல் 60 நாள் வரையிலான கடும் சிக்கல்களோ ஹைபெக் பெற்றவர்களில் 26%, மற்றவர்களில் 15%. ஹைபெக்கில் பயன்படும் மற்றொரு மருந்தான மைட்டோமைசினுக்கு இதே முடிவைப் பொருத்திவிடக் கூடாது. அது அங்கே சோதிக்கப்படவில்லை.

மருந்து திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆகவே 2.5 மி.மீ.க்கு மேல் கட்டி மிஞ்சினால் சூடும் கைகொடுக்காது.

யாருக்கு அறுவை? வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள கட்டியின் அளவுக்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள்; உச்சம் 39. 20ஐத் தாண்டினால் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஸ்கேன் இதைக் குறைத்தே காட்டும், சிறுகுடல் மேலுள்ள பொடிக் கட்டிகள் அதில் தெரியாது. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமராவை வயிற்றுக்குள் விட்டு) நேரில் பார்ப்பதே நம்பகமானது. மதிப்பெண் குறைவாக இருந்தும் சிறுகுடல் நெடுக நோய் படர்ந்திருந்தால் அறுவை கைவிடப்படும்: உணவை உறிஞ்சப் போதிய குடல் மிஞ்ச வேண்டுமே.