பாத்தியில் காட்டுச் சுக்கான்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கேத்தியிலிருந்து:

தென்மேற்கு மழை ஓய்ந்ததும் எங்கள் நீலகிரிப் பள்ளத்தாக்கில் காரட் பாத்தி ஓரம், கொட்டகைக்குப் பின்னால், எருக்குழியைச் சுற்றி என்று எங்கும் காட்டுச் சுக்கான் தழைத்துவிடுகிறது. எருவும் ஈரமும் கிளறிய மண்ணும் எங்கே உண்டோ அங்கே இது உண்டு. சீகை (வாட்டில்) மரத்தோடும் உண்ணிச்செடியோடும் சேர்த்து இதையும் வெளிநாட்டுச் செடி என்று பலர் திட்டுகிறார்கள். அது சரியல்ல. ருமெக்ஸ் நேபாளென்சிஸ் என்ற அறிவியல் பெயருள்ள இந்தச் செடி இமயமலையிலும் நம் மலைகளிலும் இயற்கையாகவே வளர்வது. வயலுக்குள் வந்தால் களைதான், மறுக்கவில்லை. ஆனால் மலையை விட்டே ஒழிக்கவேண்டிய செடி இல்லை.

அடையாளம் பார்ப்பது எளிது. அடியில் நீண்ட காம்புடன் அகன்ற இலைகள் கொத்தாக இருக்கும். தண்டின் ஒவ்வொரு கணுவையும் மெல்லிய சவ்வு உறை சுற்றியிருக்கும். அப்போதும் சந்தேகம் என்றால் காயைப் பாருங்கள். காயைச் சுற்றிய இதழ்களின் விளிம்பில் கொக்கி மாதிரி வளைந்த முட்கள் வரிசையாக நிற்கும். சட்டையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

ஈட்டி முனை போன்ற சின்ன இலையும் சிவந்த பூந்தண்டுமாகத் தரையோடு பரவுவது வேறு செடி, ருமெக்ஸ் அசிட்டோசெல்லா. ஐரோப்பாவிலிருந்து வந்தது அதுதான். அதன் வேர் பக்கவாட்டில் ஓடி ஓடி முளைக்கும் என்பதால் ஒரு செடியைத் தோண்டினால் வேலை முடியாது.

மன்னவனூரிலிருந்து:

அண்ணா, எங்கள் கொடைக்கானல் மேல்மலையில் இது ஆட்டோடுதான் ஊர் சுற்றுகிறது. கம்பளி ஆடு மேய்ந்து திரும்பும்போது வயிற்றுப் பக்கத்து மயிரில் அந்தக் கொக்கிக் காய் அப்பிக்கொண்டு வரும். பட்டிக்குள் உதிரும், பட்டி எரு பூண்டுக் காட்டுக்குப் போகும், மறு மழையில் பூண்டு வரிசைக்கு நடுவே முளைத்து நிற்கும். மாட்டுச் சாணத்திலும் விதை சாகாமல் வருகிறது. அதனால் நாங்கள் பச்சைச் சாணத்தை நேரே வயலில் போடுவதை நிறுத்திவிட்டோம். குவித்து, நன்றாகச் சூடேறி மக்கிய பிறகுதான் போடுகிறோம். முளைப்பு கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

இன்னொன்று, இதன் இலையில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. மாடு ஒன்றிரண்டு வாய் கடித்தால் ஒன்றும் ஆகாது. வேறு புல் இல்லாத பனிக்காலத்தில் இதையே அறுத்துப் போடாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து:

சோலை என்று நாங்கள் சொல்லும் மலைக்காட்டை மீட்கும் வேலையில் நான் இருக்கிறேன். சீகையை வெட்டி எடுத்த சரிவில் வெறும் மண் தெரிந்ததும் முதலில் எழும்பும் செடிகளில் இதுவும் ஒன்று. எங்களோடு வேலை செய்பவர்கள் பிடுங்கப் போனால் நான் தடுத்துவிடுவேன். பெருமழையில் வெறும் மண் கரைந்து ஓடுவதைவிட இது நிற்பது எவ்வளவோ மேல். நாவல், விக்கி என்று நட்ட மரங்கள் வளர்ந்து நிழல் கட்டினால் தானாக ஒடுங்கிவிடும். நட்ட கன்றை மூடினால் மட்டும் சுற்றி ஒரு முழத்துக்கு அறுத்துவிடுகிறோம். காஞ்சொறி பட்டு எரியும்போது எங்கள் குழுவிலுள்ள அக்கா ஒருவர் இதன் இலையைக் கசக்கித்தான் தேய்ப்பார். எனக்கும் எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

கூக்கலிலிருந்து:

தோண்ட ஆள் கிடைப்பதில்லை. டில்லர் ஓட்டி, மிச்சத்துக்குக் களைக்கொல்லி அடித்தால் போதாதா?

கேத்தியிலிருந்து:

டில்லர் வேண்டாம் தம்பி. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் இதன் உயிர் இருக்கிறது. டில்லர் அதைத் துண்டு துண்டாக்கிப் பாத்தி முழுக்கப் பரப்பும். கூடவே, ஆழத்தில் தூங்கும் விதையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். இந்த இனத்தின் விதை சாமானியமானதல்ல. இதன் உறவுச் செடியான ருமெக்ஸ் கிரிஸ்பஸின் விதையை அமெரிக்காவின் மிச்சிகனில் பேராசிரியர் பீல் 1879-ல் மண்ணில் புதைத்தார். 1960-ல் எடுத்து விதைத்தபோதும் அதில் முளைப்பு இருந்தது.

அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்து காரட்டையும் பீன்ஸையும் சேர்த்தே கருக்கும். நம் படிக்கட்டு வயலில் தெளிப்பது கீழே ஊற்றில் போய்ச் சேரும், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். நான் அதற்கு ஒப்பமாட்டேன்.

மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது கடப்பாரையைச் சாய்த்துக் குத்தி நெம்புங்கள். கழுத்தோடு மேல் வேர் ஒரு சாண் வந்துவிட்டால் போதும், அடியில் அறுந்து நிற்கும் வால் பெரும்பாலும் முளைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்க முடியாவிட்டால் பூந்தண்டு விட்டதை முதலில் எடுங்கள். காய் பச்சையாக இருக்கிறதே என்று அறுத்து வரப்பில் போடாதீர்கள், அறுத்த பிறகும் அது முற்றிவிடும். காய் இல்லாத செடியைப் பாறைமேல் வெயிலில் நன்றாகக் காயவிட்டு எருக்குழியில் சேர்க்கலாம். காய் பிடித்ததைச் சாக்கில் கட்டி வைத்து, காய்ந்ததும் வெந்நீர் அடுப்பில் எரித்துவிடுங்கள்.