ஹசாரா மக்களின் ஒய் குரோமோசோமும் தடயவியலும்

முகிலன்:
ஆப்கானிஸ்தானின் நடுமலைப் பகுதியான ஹசாராஜாத்திலும் பாகிஸ்தானின் குவெட்டாவிலும் வாழும் ஹசாரா மக்கள் செங்கிஸ்கானின் வழிவந்தவர்கள் என்பது டி.என்.ஏ. ஆய்வில் உறுதியாகிவிட்டதாகப் படித்தேன். அப்படியானால், குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு அது ஹசாரா ஒருவருடையதுதான் என்று ஆய்வகத்தால் சொல்ல முடியுமா?

கயல்விழி:
உறுதியாகவில்லை. ஆசியாவின் பெரும் பரப்பில் ஏறத்தாழ 8 சதவீத ஆண்களிடம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமில் மிக நெருங்கிய ஒரே கிளை இருப்பதையும், பாகிஸ்தானின் ஹசாராக்களிடம் அது மிகுந்திருப்பதையும் 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதைச் செங்கிஸ்கானோடு இணைத்தது ஊகமே. கல்லறையே கண்டுபிடிக்கப்படாத ஒருவரின் மரபணுவோடு எதை ஒப்பிடுவது? அந்தக் கிளை 2,500 ஆண்டுகளுக்கும் முந்தையது, சாதாரண மங்கோலியரிடமிருந்தே பரவியது என்று 2018-இல் வெளியான, ஒய் குரோமோசோமின் முழு டி.என்.ஏ. வரிசையைப் பார்த்த ஆய்வு கூறுகிறது. மேலும், ஒய் குரோமோசோம் தந்தைவழி ஒன்றை மட்டுமே சொல்லும். மற்ற குரோமோசோம்களைப் பார்த்தால், பாரசீகக் கிளைமொழியான ஹசாரகியைப் பேசும் இம்மக்களிடம் கிழக்காசிய வம்சாவளியும் மேற்கு யூரேசிய வம்சாவளியும் கலந்தே காணப்படுகின்றன.

இளவரசன்:
தடயவியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அமெரிக்காவின் குற்றவியல் டி.என்.ஏ. தரவுத்தளமான கோடிஸின் தொகுப்பில் 2017 முதல் உள்ள 20 எஸ்.டி.ஆர். குறியிடங்கள் (டி.என்.ஏ.வின் சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வரும், அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுபடும் இடங்கள்), ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறியத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. இனத்தைக் கண்டறிய அவை ஏற்ற கருவி அல்ல.

உண்மையான சிக்கல் ஒய் குரோமோசோமில் உள்ள இத்தகைய குறியிடங்களான ஒய் எஸ்.டி.ஆரில்தான் இருக்கிறது. தந்தை, மகன், சிற்றப்பா எல்லோருக்கும் பொதுவாக ஒரே வரிசைதான் அமையும். ஹசாராக்களிடமோ உறவே அறியாத இருவருக்கும் அது ஒத்துப்போகும் வாய்ப்பு கூடுதல். அந்த வரிசை எத்தனை அரிது என்பதைப் பஞ்சாபியர் மிகுந்த பொதுத் தரவுத்தளத்தை வைத்துக் கணக்கிட்டால், ஹசாராக்களிடையே பரவலான ஒன்று அபூர்வமானதாகத் தோன்றி, சந்தேக நபருக்கு எதிரான சான்று தேவைக்கு மேல் வலுப்பெற்றுவிடும். ஆகவே ஹசாராக்களின் தனித் தரவோடு ஒப்பிடுவதும், 17 குறியிடத் தொகுப்புக்குப் பதிலாக, விரைவாக மாறும் குறியிடங்களையும் கொண்ட 27 குறியிடத் தொகுப்பைப் பயன்படுத்துவதும் நல்லது.

முகிலன்:
நன்றி. வம்சாவளியைக் காட்டும் எஸ்.என்.பி. (டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மட்டும் மாறுபடும் இடம்) தொகுப்புகளாவது உதவுமா?

கயல்விழி:
கிழக்கும் மேற்கும் கலந்த வம்சாவளி என்பதுவரை அவை சொல்லக்கூடும். ஆனால் சீனாவின் வடமேற்கில் வாழும் உய்குர் மக்களிடமும் ஏறத்தாழ அதே கலப்பு இருப்பதால், ஹசாரா என்று பெயர் குறிப்பிடும் துணிவை நேர்மையான ஆய்வகம் எதுவும் கொள்ளாது.