க்யூட் (Qt): பெட்டியை ஒருதரம் இழுத்தால் அன்டூவை எத்தனை தரம் அழுத்துவது?

கேள்வி:
அப்ளிகேஷன் எழுத உதவும் சி++ கருவித்தொகுப்பான க்யூட்டில் படம் வரையும் அப்ளிகேஷன் எழுதுகிறேன். மவுஸ் நகர நகரப் பெட்டியை நகர்த்திவிட்டு, அந்தத் தூரத்தை ஒரு கமாண்டில் (மாற்றத்தைச் செய்யும் ரீடூ, அதைத் திருப்பும் அன்டூ இரண்டும் உள்ள ஆப்ஜெக்ட்) போட்டு, கமாண்டுகளை அடுக்கி வைக்கும் அன்டூ ஸ்டேக்கில் புஷ் செய்கிறேன். பெட்டி இரண்டு மடங்கு தள்ளிப் போகிறது. பழைய இடத்துக்குக் கொண்டுவர கண்ட்ரோல் இசட்டை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்த கமாண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ்வித் ஃபங்ஷனை எழுதினேன், அதை ஸ்டேக் கூப்பிடவே இல்லை.

பதில் 1:
புஷ் செய்ததுமே ஸ்டேக் அந்தக் கமாண்டின் ரீடூவை ஒருமுறை ஓட்டும். நீங்களும் நகர்த்தி அதுவும் நகர்த்தினால் இரட்டிப்பாகத்தான் ஆகும். தூரத்துக்குப் பதிலாகப் பழைய இடம், புதிய இடம் இரண்டையும் கமாண்டில் வையுங்கள், ரீடூ எத்தனை தரம் ஓடினாலும் பெட்டி சரியான இடத்தில் நிற்கும். மெர்ஜ்வித் ஏன் ஓடவில்லை என்றால், கமாண்டின் வகையைச் சொல்லும் ஐடி ஃபங்ஷன் இயல்பாக -1 தரும், அதற்கு 'சேர்க்காதே' என்று பொருள். அதை ஓவர்ரைடு செய்து வேறு எண் கொடுங்கள்.

பதில் 2:
ஐடி விஷயம் சரிதான், ஆனால் இழுப்பதற்கு மெர்ஜ் வேண்டாம் என்பேன். அதே பெட்டியை ஒருதரம் இழுத்து விட்டு, யோசித்து, மறுபடி இழுத்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், பயன்படுத்துபவர் நடுவில் நிறுத்திய இடத்துக்குத் திரும்பவே முடியாது. மவுஸை அழுத்தும்போது இடத்தைக் குறித்துக்கொண்டு, விடும்போது ஒரே ஒரு கமாண்டைப் புஷ் செய்யுங்கள். இடம் மாறவே இல்லையென்றால் புஷ்ஷும் வேண்டாம்.

கேட்டவர்:
மவுஸை விடும்போது புஷ் செய்தேன், இரண்டுமே சரியாகிவிட்டது, நன்றி! இன்னொன்று: பெட்டியை நகர்த்தி, அழித்து, இரண்டுதரம் அன்டூ செய்தால் கிராஷ் ஆகிறது. அழிக்கும் கமாண்டின் ரீடூவில் டெலீட், அன்டூவில் அதே அளவில் புதுப் பெட்டி.

பதில் 2:
அதுதான் காரணம். முந்தைய நகர்த்தல் கமாண்ட் பழைய பெட்டியின் பாயிண்டரை, அதாவது மெமரி முகவரியை, பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பெட்டியோ மெமரியில் இல்லை. ரீடூவில் சீனிலிருந்து (பெட்டிகள் இருக்கும் வரைபரப்பு) ரிமூவ்ஐட்டம் மட்டும் செய்யுங்கள், அதன்பிறகு பெட்டி உங்கள் பொறுப்பு, கமாண்டே வைத்திருக்கட்டும். அன்டூவில் அதே பெட்டியைத் திருப்பிச் சேர்த்தால் பழைய பாயிண்டர்கள் எல்லாம் செல்லுபடியாகும். யார் பொறுப்பு என்பதற்கு ஒரு ஃப்ளாக் வையுங்கள், ரீடூவில் ட்ரூ, அன்டூவில் ஃபால்ஸ். கமாண்டின் டிஸ்ட்ரக்டரில் (கமாண்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) ஃப்ளாக் ட்ரூவாக இருந்தால் மட்டும் டெலீட். பெட்டியைச் சேர்க்கும் கமாண்டுக்கும் இது வேண்டும், ஃப்ளாக் தலைகீழாக: சேர்த்ததை அன்டூ செய்துவிட்டு வேறு எதையாவது புஷ் செய்தால் ஸ்டேக் அந்தக் கமாண்டைத் தூக்கிப் போட்டுவிடும், பெட்டி மட்டும் மெமரியில் தங்கிவிடும்.