ஆத்தாவும் அப்பச்சியும் பினாங்கு, சிங்கப்பூர் போறாங்க: போனுக்கு என்ன ஏற்பாடு பண்றது?

பள்ளத்தூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்கு எங்க ஆத்தாவும் அப்பச்சியும் (அம்மாவும் அப்பாவும்) பினாங்கு போறாங்க. திருச்சியிலேர்ந்து கோலாலம்பூர், அங்கேருந்து பஸ்ஸில பினாங்கு. பூசம் முடிஞ்சு சிங்கப்பூர்ல என் கூடப்பிறந்த ஆச்சி (அக்கா) வீட்டுல கொஞ்ச நாள் தங்கிட்டு வருவாங்க. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதால என்னால கூடப் போக முடியலை.

ஆத்தாகிட்ட ரெண்டு சிம் போடுற ஆண்ட்ராய்டு போன் இருக்கு. வாட்ஸ்அப்பும் போட்டோவும் தவிர வேற ஒண்ணும் தெரியாது. அதுல ஒரு சிம்தான் போட்டிருக்கு. நம்ம ஊர் சிம்மே வெளிநாட்டுல வேலை செய்யப் போடுற ரோமிங் பேக்கை இந்தியாவிலேயே போட்டு அனுப்பலாமா, அங்கே போய் சிம் வாங்கச் சொல்லலாமா? எங்க தெருவுல ஒருத்தர் போயிட்டு வந்து, "நான் யாருக்கும் பேசவே இல்லை, வந்த காலை எடுத்ததுக்கே காசு போச்சு"ன்னு சொல்றாரு. அது நிஜமா? வயசானவங்க, நடுவழியில போன் வேலை செய்யலைன்னா என்ன பண்ணுவாங்கன்னு நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செக்காலை ரோடு கடைக்காரர்:

ஆச்சி, வணக்கம். காரைக்குடியில செல்போன் கடை வச்சிருக்கேன். தை, மாசி வந்தா மலேசியா கிளம்புறவங்க போனைத் தயார் பண்ணிக் கொடுக்கிறதே எனக்குப் பாதி வேலை.

உங்க தெருக்காரர் சொன்னது நிஜம். வெளிநாட்டுல இருக்கும்போது நம்ம நம்பருக்கு ஊர்லேர்ந்து ஒருத்தர் கூப்பிட்டா, கூப்பிடுறவருக்கு அது உள்ளூர் கால்தான். இந்தியாவிலேர்ந்து மலேசியா டவர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற காசு எடுக்கிறவர் தலையில விழும். எடுக்காம விட்டா காசு இல்லை. ஆனா, எடுக்கலைன்னா வேற நம்பருக்குத் திருப்பிவிடுற மாதிரி கால் ஃபார்வர்டிங் போட்டிருந்தா, கால் மலேசியா வரைக்கும் போயிட்டு அங்கேருந்து திரும்ப இந்தியாவுக்கு வரும். ரெண்டு நடைக்கும் பிடிச்சிருவாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ##002# அடிச்சு டயல் பண்ணிருங்க, எல்லா ஃபார்வர்டிங்கும் போயிரும்.

என் வழி இதுதான். இந்திய சிம்மைக் கழற்றவே கூடாது. அது முதல் இடத்துலயே இருக்கட்டும், பேங்க் ஓடிபி வர்றதுக்கு மட்டும். யூபிஐ ஆப்பும் அந்த சிம்மை நம்பித்தான் இருக்கு, கழற்றினா சில ஆப் திரும்பப் பதிவு பண்ணச் சொல்லும். ரெண்டாவது இடத்துல கோலாலம்பூர் ஏர்போர்ட்டில வாங்குற சிம். வெளியே வர்ற வழியிலேயே கவுண்டர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் காட்டினா கொடுத்துருவாங்க. அங்கே நிக்கிற பையனே போட்டும் கொடுப்பான். இன்டர்நெட் மலேசியா சிம்மில, இந்திய சிம்மில டேட்டா ரோமிங், அதாவது வெளிநாட்டு டவர்ல இன்டர்நெட் எடுக்கிறது, ஆஃப். பேசுறதெல்லாம் வாட்ஸ்அப் கால்ல. புது சிம்மைப் போட்டதும் வாட்ஸ்அப் "நம்பரை மாத்தவா?"ன்னு கேட்டா, வேண்டாம்னு அழுத்தணும். பழைய நம்பர்லயே வாட்ஸ்அப் ஓடும். இதை ஆத்தாகிட்ட நல்லா சொல்லி வைங்க. அங்கே போய்ப் பதற்றத்துல சரின்னு அழுத்திட்டா ஊர்ல யாருக்கும் அவங்களைப் பிடிக்கத் தெரியாது.

பெரியவங்களுக்கு டேட்டா ரோமிங்னு பேரைச் சொன்னா மனசுல நிக்காது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவங்க விரலாலயே ஒருதரம் ஆன், ஒருதரம் ஆஃப் பண்ணச் சொல்வேன். "ஆத்தா, பட்டன் வலப்பக்கம் போய்க் கலர் வந்தா திறந்திருக்கு. இடப்பக்கம் வந்து வெளுத்திருந்தா சாத்தியிருக்கு." அவ்வளவுதான். நாலு தரம் செஞ்சா விரலுக்கே பழகிரும்.

இந்திய நம்பருக்கு இன்டர்நேஷனல் ரோமிங் சேவையை இங்கேயே ஆன் பண்ணிருங்க. பேக் போடாட்டியும் இது வேணும், இல்லாட்டி அங்கே டவரே காட்டாது, ஓடிபியும் வராது. ரீசார்ஜ் வேலிடிட்டி அவங்க திரும்பி வர்ற தேதியைத் தாண்டி இருக்கணும். நிறையப் பேர் கோட்டை விடுறது இதுலதான். போன்ல இருக்கிற நம்பருக்கெல்லாம் முன்னாடி +91 போட்டு சேவ் பண்ணுங்க. வெறும் பத்து இலக்கத்தை மலேசியா சிம்மிலேர்ந்து அழுத்தினா போகாது. வாட்ஸ்அப்ல வீடியோ தானா இறங்குறதையும் நிறுத்திருங்க, பங்காளிங்க குரூப்ல வர்ற வீடியோவே டேட்டாவைத் தின்னுரும்.

தேவகோட்டை ஓய்வுபெற்ற வாத்தியார்:

கடைக்காரத் தம்பி சொல்வது சரிதான் என்றாலும், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு சிம் என்பதே சுமை. விமானத்தை விட்டு இறங்கி, குடிநுழைவு வரிசையில் கால் கடுக்க நின்று, பெட்டியைத் தேடி எடுத்து, அதற்கப்புறம் புரியாத ஊரில் சிம் வாங்க இன்னொரு வரிசை. என் மனைவிக்கு மூட்டு வலி; அதனால் நாங்கள் இந்திய எண்ணிலேயே ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போனோம். விலை கூடத்தான், ஆனால் இறங்கியவுடன் மகனிடம் பேச முடிந்தது. அந்த நிம்மதிக்கு நான் காசு பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று, அம்மா. பேக் எந்தெந்த நாட்டுக்குச் செல்லும் என்று பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். மலேசியாவுக்குப் போட்டது சிங்கப்பூருக்கும் செல்லும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளாதீர்கள். எந்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓடும், வரும் அழைப்பும் அதில் சேருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான நாலைந்து எண்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். போன் சார்ஜ் இறங்கிவிட்டால் அந்தத் தாளைக் காட்டி யாரிடமும் உதவி கேட்கலாம்.

தண்ணீர்மலைப் பக்கம்:

தங்கச்சி, நான் பினாங்கில வாக்கப்பட்டு இருக்கேன், பொறந்த ஊரு கண்டனூர். ரெண்டு பேர் சொன்னதும் நல்ல யோசனை. இங்கே இருக்கிற சங்கதியை நான் சொல்றேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், செட்டிப்பூசத்தன்னைக்கு விடியக்காலையில பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலேர்ந்து வெள்ளி ரதம் கிளம்பும். 1894-ல காரைக்குடியிலேர்ந்து கப்பல்ல வந்த ரதம். தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்து சேர ராத்திரி ஆயிரும். வழி முழுக்க ஜனம், தேங்காய் உடைப்பு. அந்தக் கூட்டத்துல டவர் முழுசாக் காட்டும், ஆனா கால் போகாது. எல்லாரும் ஒரே நேரத்துல போனை வச்சிருந்தா அப்படித்தான். பேச முயற்சி பண்றதைவிட, ஒரு வரி எழுதி அனுப்பினா கொஞ்ச நேரம் கழிச்சாவது போய்ச் சேரும். எழுத வராதுன்னா வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்க. ஆத்தாவும் அப்பச்சியும் பிரிஞ்சுட்டா எங்கே வந்து நிக்கணும்னு காலையிலேயே ஒரு இடத்தைப் பேசி வச்சுக்கட்டும். போனை நம்பிக் கூட்டத்துக்குள்ள போகவே கூடாது.

இன்னொண்ணு. மலேசியாவுக்கு வர்றவங்க டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைன்ல நிரப்பணும், 2024 ஜனவரியிலேர்ந்து இது கட்டாயம். வர்ற நாளுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள நிரப்பணும். சிங்கப்பூருக்கும் இதே மாதிரி ஒண்ணு உண்டு. ரெண்டுக்கும் காசு கிடையாது, காசு கேட்டா அது அரசாங்கத் தளம் இல்லை. மெயில்ல வர்றதைப் பிரிண்ட் எடுத்துக் கையில கொடுங்க, இறங்கின இடத்துல போனைத் தடவிக்கிட்டு நிக்க வேண்டாம்.

சிங்கப்பூருக்கு பஸ்ஸில போறதா இருந்தா, ஜொகூர் நெருங்கும்போதே போன் சிங்கப்பூர் டவரைப் பிடிச்சிரும். மலேசியா சிம்மிலயும் டேட்டா ரோமிங்கை அணைச்சே வைங்க. பிளக் இங்கே சதுர முள் மூணு, நம்ம ஊர் உருண்டை முள் சார்ஜர் ஏறாது, அடாப்டர் ஒண்ணு வாங்கிக் கொடுத்து விடுங்க. பவர்பேங்க் கைப்பையில மட்டும்தான், பெரிய பெட்டிக்குள்ள போடக்கூடாது. நேரம் இங்கே ரெண்டரை மணி முந்தி. நீங்க ராத்திரி எட்டரைக்குக் கூப்பிட்டா இங்கே பதினொண்ணு.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மனசு கொஞ்சம் லேசாச்சு. ஒண்ணு கேட்க விட்டுப்போச்சு. அப்பச்சி வச்சிருக்கிறது பழைய பட்டன் போன், ஒரே சிம். மாத்தவே மாட்டேங்கிறாங்க. அவங்க பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். அந்தப் போன் அங்கே வேலை செய்யுமா?

செக்காலை ரோடு கடைக்காரர்:

நல்லவேளை கேட்டீங்க ஆச்சி. பழைய பட்டன் போன்னா 2ஜிங்கிற பழைய நெட்வொர்க் மட்டும்தான் எடுக்கும். மலேசியாவில 2021-ல 3ஜியைத்தான் நிறுத்தினாங்க, 2ஜி இருக்கு. அதனால பினாங்கில அந்தப் போன் பெரும்பாலும் டவர் எடுக்கும். ஆனா சிங்கப்பூர்ல 2017-லயே 2ஜியை மூடிட்டாங்க, 2024-ல 3ஜியும் போச்சு. அங்கே அந்தப் போன்ல ஒரு கோடு டவர் கூட வராது. ரோமிங் பேக் எவ்வளவு போட்டாலும் வராது.

அப்பச்சி போனை மாத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சிங்கப்பூர்ல உங்க ஆச்சி வீட்டுல வைஃபை இருக்குமே, அப்ப ஆத்தா போன்ல மலேசியா சிம்முக்கு வேலை இல்லை. அதை எடுத்துட்டு அந்த இடத்துல அப்பச்சி சிம்மைப் போடச் சொல்லுங்க. ஓடிபி ஆத்தா போனுக்கே வந்துரும், வாட்ஸ்அப் வைஃபையில ஓடும். பட்டன் போன் சிம் பெரிய அட்டையா இருந்தா ஆத்தா போன்ல ஏறாது. இங்கேயே நேனோ சிம்மா மாத்தி, பட்டன் போன்ல அது உட்கார ஒரு பிளாஸ்டிக் சட்டம் வச்சுத் தர்றேன். அப்பச்சி நம்பருக்கும் ரோமிங் சேவையை ஆன் பண்ணணும், மறந்துறாதீங்க.

சிம் ஊசியை செல்லோடேப் போட்டு பாஸ்போர்ட் உறைக்குள்ள ஒட்டித் தர்றேன். கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கடைக்கு வாங்க, ஏதாவது சரியா வரலைன்னா சரிபண்ண நேரம் இருக்கும். போனை மட்டும் கொடுத்து அனுப்பாதீங்க, ஆத்தாவையும் கூட்டிக்கிட்டு வாங்க.