தம்பிய இன்ஜினியரிங் சேக்க கல்விக்கடன் வாங்கலாமா? அப்பா வேண்டாங்கறார்

பள்ளிபாளையம் தறிக்காரன்:
ஒரு யோசனை சொல்லுங்க. தம்பிக்கு கவுன்சிலிங்ல பிரைவேட் காலேஜ்ல ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) கெடச்சிருக்கு. டியூஷன் ஃபீஸ் 50,000, அப்புறம் பஸ்ஸு, பரீட்ச ஃபீஸு அது இதுன்னு சேத்து வருஷம் 90,000 ஆகுது. அப்பாவும் நானும் கூலிக்குத்தான் தறி ஓட்டறோம், நூல் வராத வாரம் வீட்ல காசே இல்லைங்க. அம்மா தாலிக்கொடி ஏற்கனவே சொசைட்டில அடமானத்துல இருக்கு. நான் பத்தோட நின்னுட்டேன், அவனாச்சும் படிக்கட்டும்னு பாக்கறேன். லோன் போடலாமா, இல்ல அரசு கலைக் கல்லூரில பிஎஸ்சி சேத்துடலாமா?

கடன் கட்டினவன்:
வேண்டாம் தம்பி. நானும் இப்படித்தான் 3 லட்சம் வாங்கி மெக்கானிக்கல் படிச்சேன், முடிச்சு ரெண்டு வருஷம் வேல இல்ல, அப்புறம் கெடச்ச வேலைக்கு சம்பளம் 9,000, அதுல என்னத்த கட்றது. பேங்க்ல இருந்து வீட்டுக்கே வந்துட்டாங்க, தெருவே பாத்துச்சு, அப்பா அன்னிக்கு சாப்பிடல. கூட்டுக் கையெழுத்து அவரோடதுங்கறதால சிபில் ஸ்கோரு, அதாவது கடன ஒழுங்கா கட்டறாங்களான்னு பேங்க் பாக்கற மார்க்கு, அதுவும் போயி, கறவ மாட்டுக்கு லோன் கேட்டப்ப அதுவும் இல்லைன்னுட்டாங்க. உங்கப்பா பயப்படறது நியாயம்தான்.

ஈரோடு அக்கா:
அண்ணா, உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா அதுக்காக படிப்பையே விடச் சொல்றது சரியில்ல. தம்பி, உங்க வீட்ல யாரும் டிகிரி முடிக்கலைன்னா மொதல்ல இ சேவை மையத்துல முதல் பட்டதாரி சான்றிதழுக்கு போடுங்க. கவுன்சிலிங் சீட்டுக்கு டியூஷன்ல வருஷம் 25,000 வரைக்கும் குறையும், மேனேஜ்மென்ட் கோட்டான்னா அது கெடையாது. ஆமா உங்க தம்பி எந்த ஸ்கூல்ல படிச்சான்? கவர்மென்ட் ஸ்கூலா இருந்தா 7.5 சதவீத ஒதுக்கீட்டுல மொத்த ஃபீஸும் அரசே கட்டிருமே.

பள்ளிபாளையம் தறிக்காரன்:
பிரைவேட் ஸ்கூலுங்க்கா. கடன வாங்கித்தான் அங்கயும் சேத்தோம், இப்ப நெனச்சா வயிறு எரியுது.

ஈரோடு அக்கா:
சரி விடுங்க. சலுகை போக வருஷம் 65,000, நாலு வருஷத்துக்கு 2,60,000. கல்விக்கடன்ல 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாது, கேட்டா எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. கல்விக்கடனுக்குன்னே இருக்கற வித்யாலட்சுமி வெப்சைட்லயே அப்ளை பண்ணுங்க, அப்பதான் மேனேஜர் வாய்ல சொல்லி திருப்பி அனுப்ப முடியாது. வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குள்ளன்னா படிக்கற காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் வட்டிய மத்திய அரசு கட்டும். அதுக்கு காலேஜுக்கு நாக் அங்கீகாரமோ இல்ல அந்த கோர்ஸுக்கு என்பிஏ அங்கீகாரமோ இருக்கணும், ரெண்டும் தரத்தப் பாத்துக் குடுக்கறது, இத மட்டும் விசாரிக்காம கையெழுத்து போட்றாதீங்க.

கடன் கட்டினவன்:
வட்டி மானியம் எல்லாம் சரிம்மா, அசல் யாரு கட்டுவா? 4 லட்சம், 10 சதவீதம், 7 வருஷம்னு போட்டா மாசம் 6,600 சொச்சம். 15,000 சம்பளக்காரன் அத கட்டிட்டு வீட்டுக்கு என்ன குடுப்பான்? என்னக் கேட்டா பாலிடெக்னிக். பிளஸ் டூ முடிச்சவங்க நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம், அரசு பாலிடெக்னிக்ல ஃபீஸ் ரொம்பக் கம்மி, ரெண்டே வருஷத்துல டிப்ளமா. அப்புறம் வேணும்னா பிஇ ரெண்டாவது வருஷத்துல சேந்துக்கலாம், மூணு வருஷ ஃபீஸோட போயிரும்.

ஈரோடு அக்கா:
அண்ணா 4 லட்சம் எதுக்கு, தேவ 2,60,000 தானே. அதுவும் வருஷா வருஷம் கட்ட வேண்டியத மட்டும்தான் வாங்கணும், லேப்டாப்புன்னு ஏத்தக் கூடாது. ஆனா பாலிடெக்னிக் யோசனை நல்லதுங்க, நானும் அத மறந்துட்டேன். தம்பிக்கு எதுல ஆச?

பள்ளிபாளையம் தறிக்காரன்:
அவனுக்கு ஈசிஇ தாங்க்கா. தறி மோட்டார் போனா அவன்தான் கழட்டி மாட்டுவான்.

கடன் கட்டினவன்:
அப்படின்னா பையன் கெட்டிதான், படிச்சுருவான். எனக்கு அந்த ஆசையே இல்லாம சேந்தேன், அதையும் சொல்லணும்ல. லோன்னே முடிவு பண்ணினாலும் பேங்கோட நிறுத்திக்க. முத வருஷம் லோன் லேட்டாகும், காலேஜ்ல அவசரப்படுத்துவாங்க, அப்ப மீட்டர் வட்டிக்கு மட்டும் போயிராத.

பள்ளிபாளையம் தறிக்காரன்:
காலேஜுக்கு போன் போட்டேன், நாக் இருக்குங்களாம். சர்டிபிகேட் காப்பி கேட்டிருக்கேன். பாலிடெக்னிக்கும் நாளைக்கு போயி பாத்துட்டு வர்றோம். அப்பாகிட்ட அண்ணன் சொன்னதையும் அக்கா சொன்னதையும் படிச்சுக் காட்டினேன், 2,60,000ங்கறத மட்டும் ரெண்டு வாட்டி கேட்டார். இன்னும் ஒண்ணும் சொல்லல.