யொங்செங் 13 வருடத்தில் அப்படி என்னதான் செய்தார்?

நல்லூர்ப்பெடியன்:
ஏஎல் பாடத்துக்கு வெளியே சும்மா வாசிக்கப் போய் சீனாவை ஆண்ட சிங் வம்சத்தில் மாட்டிக்கொண்டேன். அப்பா காங்சி 61 வருடம், மகன் சியான்லோங் 60 வருடம், நடுவில் பேரரசர் யொங்செங் 1722 முதல் 1735 வரை மட்டும். ஆனால் ஆட்சியைத் தலைநகரின் கைக்குள் இறுக்கியவர் இவர்தானாம். படையை வைத்தா? தெரிந்த அண்ணைமார், அக்காமார் சொல்லுங்கோ.

கஸ்தூரியார்வீதி:
படை இல்லை தம்பி, வெள்ளி. சனம் வரியாகக் கட்டும் சில்லறை வெள்ளியை உருக்கிக் கட்டியாக்கித்தான் மேலே அனுப்ப வேண்டும். உருக்கினால் கொஞ்சம் குறையும், அதை ஈடுகட்ட என்று சொல்லி மாவட்ட அதிகாரி மேலதிகமாக வாங்குவார். எங்கள் நகைக்கடைச் சேதாரம் மாதிரித்தான், உண்மையில் எவ்வளவு போனது என்று ஆர் கேட்கிறது? நூற்றுக்குப் பத்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேல். அந்த ஆளையும் முழுக்கக் குறை சொல்ல ஏலாது, ஆண்டுச் சம்பளமே 45 டேல் வெள்ளி, ஒரு டேல் 37 கிராம் வரும், அதற்குள் எழுத்தருக்கும் ஆலோசகருக்கும் கொடுத்து மேலதிகாரிக்கும் 'கவனிப்பு' அனுப்ப வேண்டும். 1724 இல் யொங்செங் இந்த வசூலைச் சட்டபூர்வமாக்கி மாகாணக் கருவூலத்துக்கு எடுத்தார். அதிலிருந்தே அதிகாரிகளுக்குச் சம்பளத்தைவிடப் பல மடங்கு பெரிய படி கொடுத்தார். களவாக வந்த காசு கணக்கில் ஏறிவிட்டது.

பழைய_கிளாக்கர்:
காசு சரி, கடிதத்தை விட்டுவிட்டீர்கள். வழமையான அறிக்கை பல மேசை தாண்டித்தான் அரசரிடம் போகும், போகும் வழியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். (கோப்போடு காலம் கழித்தவனுக்கு இது புதினமில்லை.) காங்சி காலத்திலேயே பூட்டிய பெட்டியில் நேரே அரசருக்கு எழுதும் இரகசிய முறை இருந்தது, யொங்செங் அதை ஏராளமான அதிகாரிகளுக்கு விரித்தார். ஒருவர் என்ன எழுதினார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பதிலைச் சிவப்பு மையில் தன் கையாலேயே எழுதுவார், வாசித்தபின் அந்தத் தாளையும் அரண்மனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஹெனான் மாகாண ஆளுநர் தியான் வென்ஜிங்குக்கு, "நான் இப்படிப்பட்ட ஆள்தான், இதுதான் என் குணம், இப்படிப்பட்ட அரசன்தான்" என்று எழுதியிருக்கிறார்! பிறகு வடமேற்கில் சுங்கார் என்ற மங்கோலியரோடு நடந்த போரைச் சாட்டி 1730 அளவில் சிறு ஆலோசனைக் குழு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இடையில் சியான்லோங் ஒருமுறை கலைத்தாலும், அது 1911 வரை ஓடியது.

சுன்னாகத்துஅக்கா:
ஓம், ஆனால் ஆளை அவ்வளவு தூக்காதீங்கோ. அரியணைப் போட்டியில் நின்ற சகோதரர்களில் இரண்டு பேர் 1726 இல் காவலிலேயே செத்தார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய தலைவரியை நிலவரியோடு சேர்த்தது நல்ல வேலை, காணி இல்லாதவன் தப்பினான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாகாணக் காசு நிலைக்கவில்லையே! சியான்லோங் காலத்தில் நிதி அமைச்சு அதிலும் கை வைத்தது, செலவுக்குக் காணாமல் மாவட்டத்தில் பழையபடி கள்ள வசூல் தொடங்கிவிட்டது.